ரிப்பீட்டர் வாய் திறக்காவிட்டால்: ஹாம் ரேடியோ கேள்வி - பதில்

எங்கள் குழுவின் 2 மீட்டர் பேண்ட் ரிப்பீட்டர் (ஒரு அலைவரிசையில் கேட்டதை உடனே இன்னொன்றில் திருப்பி அனுப்பும் நிலையம்) ஒரு வாரமாக மவுனம். மலை மேலே போய்ப் பார்த்தோம். ரிசீவரில் எங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது, டிரான்ஸ்மிட்டர் மட்டும் ஏறவே இல்லை, அதாவது ஒலிபரப்பத் தொடங்கவே இல்லை. இரண்டு பழைய மோட்டோரோலா ஜி.எம்.300 செட், நடுவே வீட்டில் செய்த கன்ட்ரோலர். பி.ஏ. (பவர் ஆம்ப்ளிஃபயர்) போய்விட்டது என்கிறார் நண்பர். செட்டைக் கழற்றிக் கீழே கொண்டு வந்துவிடலாமா?
- திண்டுக்கல் வாசகர்

கழற்றாதீர்கள். கழற்றிக் கொண்டு வந்தால் பாதி நேரம் மேசை மேல் நன்றாக வேலை செய்யும், மறுபடி மலையேற வேண்டியிருக்கும். முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: டிரான்ஸ்மிட்டருக்கு "பேசு" என்ற கட்டளை போகவில்லையா, போயும் அது பேசவில்லையா? இதைக் கண்டுபிடிக்க 10 செ.மீ. ஒயர், ஒரு வாட் மீட்டர், ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் மின்தடை) போதும்.

டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா முனையில் வாட் மீட்டர் வழியாக 50 ஓம் டம்மி லோடை மாட்டுங்கள். பின்பக்க 16 பின் சாக்கெட்டிலிருந்து கன்ட்ரோலர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, 3-ம் பின்னை (பி.டி.டி., "பேசு" என்ற கட்டளை வரும் பின்) 7-ம் பின்னோடு (எர்த்) ஒயரால் தொடுங்கள். மைக்கை அழுத்திப் பார்த்தாலும் செட் ஏறும்தான். ஆனால் ரிப்பீட்டர் ஓடுவது பின்பக்க வழியில் என்பதால் அந்த வழியையே சோதிக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: 15, 16-ம் பின்களுக்கு இடையே ஒரு ஜம்பர் இருக்கும். அது இல்லாவிட்டால் உள் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பிளக்கைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் பயந்துவிடாதீர்கள்.

தொட்டதும் வாட் மீட்டர் ஏறினால் பி.ஏ.யின் மேல் பழி போட வேண்டாம். டிரான்ஸ்மிட்டர், சப்ளை இரண்டும் நல்லவை. கோளாறு ரிசீவரிலோ, கன்ட்ரோலரிலோ, அவற்றின் ஒயரிலோதான்.

அடுத்து ரிசீவர் செட்டின் 8-ம் பின். சிக்னல் வந்ததைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் சி.ஓ.எஸ். ஒயர் பெரும்பாலும் இங்கிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். மல்டி மீட்டரை இதற்கும் எர்த்துக்கும் நடுவே வையுங்கள். ஒருவர் கைசெட்டில் இன்புட் அலைவரிசையை அழுத்தட்டும். வோல்டேஜ் 5-லிருந்து 0-க்கோ 0-விலிருந்து 5-க்கோ தாவ வேண்டும். எந்தத் திசை என்பது புரோகிராமிங்கைப் பொறுத்தது. மாறியே ஆக வேண்டும் என்பதுதான் முக்கியம். மாறவில்லை என்றால் அந்தப் பின்னுக்கு வேலை ஒதுக்கப்படாமல் இருக்கலாம், அல்லது டோன் (குரலோடு சேர்ந்து வந்து ரிசீவரைத் திறக்கும் தாழ்ந்த அடையாள ஒலி) பொருந்தாமல் இருக்கலாம். குரல் கேட்கிறது என்பதை வைத்து டோன் சரி என்று முடிவு கட்டக் கூடாது. இந்த வகை செட்களில் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாலே டோன் பூட்டு திறந்துகொள்ளும், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கும். மலைக்குப் போனவர்கள் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே "ரிசீவர் ஓகே" என்று எழுதிவிட்டு இறங்குவது இப்படித்தான்.

8-ம் பின் ஒழுங்காகத் தாவினால் கன்ட்ரோலரின் கடைசி டிரான்சிஸ்டருக்கு வாருங்கள். வீட்டுத் தயாரிப்பில் அது பெரும்பாலும் பி.சி.547. சிக்னல் வரும்போது பேஸில் 0.7 வோல்ட் வரவேண்டும், கலெக்டர் 0.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். பேஸில் 0.7 இருந்தும் கலெக்டர் இறங்காவிட்டால் டிரான்சிஸ்டர் போச்சு. பேஸில் 2, 3 வோல்ட் நின்றால் பேஸ்-எமிட்டர் சந்தி அறுந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கையில் இருக்கும் பி.என்.2222-ஐ அப்படியே செருகினால் வேலை செய்யாது. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால் பி.சி.547-ன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பி.என்.2222-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். இதில் இன்னொரு கூத்து: நடுவே ஒரு '2' சேர்ந்த பி.2.என்.2222-ன் கால்கள் பி.சி.547 போலவே இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். டிரான்சிஸ்டர் ரிலேயை ஓட்டுகிறது என்றால் காயிலுக்குக் குறுக்கே 1என்.4007 டையோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் புது டிரான்சிஸ்டரும் நாளடைவில் போய்விடும்.

ஒயரால் தொட்டும் ஏறவில்லை என்றால்தான் டிரான்ஸ்மிட்டரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பி.ஏ. கடைசி. முதலில் சப்ளை, அதை அடுத்த பதிலில் பாருங்கள். பிறகு சிந்தசைசர் லாக், அதாவது அலைவரிசையை உருவாக்கும் சுற்று அதிலேயே பூட்டி நிற்கிறதா என்பது. வி.எச்.எஃப். ஜி.எம்.300-ல் 136-162, 146-174 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு ரகம் உண்டு. இரண்டாவது ரகத்தில் 145-ஐப் போட்டு ஓட்டியிருந்தால் அது எல்லைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. வெயிலிலோ மலைக் குளிரிலோ லாக் விடும். லாக் இல்லாத செட் ஒரு வாட் கூட விடாது, எச்சரிக்கை ஒலி மட்டும் கொடுக்கும். பி.ஏ.யை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

பி.டி.டி. அழுத்தினதும் அரை நொடி ஏறுகிறது, உடனே செட் அணைந்து மறுபடி எழுகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது.
- நாகர்கோவில் வாசகர்

12.6 என்பது சும்மா இருக்கும்போது. டிரான்ஸ்மிட் ஆகும்போது அளந்தீர்களா? மீட்டரைப் பேட்டரி முனையில் வைக்காமல் செட்டின் பவர் பிளக்கில் வையுங்கள். 25 வாட் செட் டிரான்ஸ்மிட்டில் 8, 9 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் மின்தடை சுமார் 0.074 ஓம். 9 ஆம்பியரில் ஒயரிலேயே 0.67 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 0.28-தான் போகும். இதோடு துருப்பிடித்த ஃபியூஸ் ஹோல்டர், பச்சை பூத்த லக் ஒவ்வொன்றும் அரை வோல்ட் தின்னும்.

ஒவ்வொரு இணைப்பாகத் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். டிரான்ஸ்மிட் ஆகும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை செட்டின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அந்த வழியில் தொலைந்த வோல்டேஜ் நேராகத் தெரியும். மைனஸ் பக்கமும் அப்படியே. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயர் நல்லது, பேட்டரிதான் கிழவன். 12.6 காட்டும் பழைய லெட்-ஆசிட் பேட்டரி 9 ஆம்பியரில் 10.5-க்குச் சரிவது சகஜம்.

பேட்டரி மாற்றும் வரை பவரைக் குறைத்து ஓட்டுங்கள். 25 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறக்கினால் இழப்பு 4 டெசிபெல். கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு படி (எஸ்-யூனிட்) கூடக் குறையாது. மொபைல் செட்டை ரிப்பீட்டராக ஓட்டுபவர்கள் இதை நிரந்தரமாகவே செய்யலாம். அவை நாள் முழுக்க டிரான்ஸ்மிட் செய்யச் செய்யப்பட்டவை அல்ல.

தினமும் காலை 9 மணிக்கு மேல் ரிப்பீட்டர் பேசுவதில்லை. மாலை 6 மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது. சூடுதானே காரணம்? ஃபேன் வாங்கியாகிவிட்டது.
- கோவை வாசகர்

ஃபேன் இருக்கட்டும். காரணம் சூடு என்றால் மேகமூட்டமான நாளில் கொஞ்சம் தாமதமாகும், மழை நாளில் நடக்காது. தினமும் கடிகாரம் போல நடக்கிறது என்றால் சூரிய ஒளி வந்ததும் வேறு எது விழிக்கிறது என்று பாருங்கள். உங்கள் நிலையம் சோலாரில் ஓடுகிறதா?

சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் வேகமாக ஸ்விட்ச் ஆகும் சாதனம். மலிவான ரகம் 2 மீட்டர் பேண்ட் வரை இரைச்சலைக் கக்கும். அந்த இரைச்சல் ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ரிசீவரை மூடி வைக்கும் கதவை) திறந்துவிட்டால் ரிப்பீட்டர் ஏறி, யாரும் பேசாமலேயே ஓடும். மூன்று நிமிடத்தில் டைம்-அவுட் டைமர் அதை வெட்டிவிடும். பெரும்பாலான ரிப்பீட்டர் கன்ட்ரோலர்கள் இன்புட் ஒருமுறை மூடித் திறக்கும் வரை மறுபடி ஏற விடாது. இரைச்சல் மாலை வரை நிற்காததால் இன்புட் மூடுவதே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரிப்பீட்டர் செத்தது போலத் தெரியும். உண்மையில் டைமர் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது.

உறுதிப்படுத்த, பகலில் நிலையத்துக்குப் போய்ப் பேனலின் இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். ஸ்குவெல்ச் மூடி ரிப்பீட்டர் உயிர் பெற்றால் குற்றவாளி அதுதான். பேனல் ஒயர், பேட்டரி ஒயர் இரண்டிலும் சார்ஜ் கன்ட்ரோலரை ஒட்டியே கிளிப் ஃபெரைட் (ஒயரில் வரும் இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டி, ஒவ்வொரு ஜோடியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். சார்ஜ் கன்ட்ரோலரை இரும்புப் பெட்டிக்குள் வைத்து ஆன்டெனாவிலிருந்து தள்ளுங்கள். ரிசீவரில் டோன் போட்டால் இரைச்சல் ரிப்பீட்டரை ஏற்றாது, டைமரும் வெட்டாது. ஆனால் இரைச்சல் அங்கேயேதான் இருக்கும். தூரத்துக் கைசெட்காரர் அதில் மூழ்கிப் போவார். டோன் ஒரு பூட்டு மட்டுமே, வடிகட்டி அல்ல.

மழைக்குப் பிறகு பவர் 25-லிருந்து 5 வாட்டாகிவிட்டது. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பக்கமிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு) 1.2 என்று அருமையாக இருக்கிறது. அப்படியானால் ஆன்டெனா நல்லதுதானே?
- ஊட்டி வாசகர்

பவரை எங்கே அளந்தீர்கள் என்று எழுதவில்லை. செட் வாயிலேயே 5 வாட் என்றால், டம்மி லோடை நேராக செட்டில் மாட்டிப் பாருங்கள். 25 வந்தால் செட் நல்லது, டூப்ளெக்ஸரை (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே ஆன்டெனாவைப் பகிர உதவும் வடிகட்டி) பார்த்து அது பவரைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு டூப்ளெக்ஸருக்கு அப்பால் டம்மி லோடு. இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி உள்ள டூப்ளெக்ஸர் சுமார் 1.5 டெசிபெல் தின்னும், 25 உள்ளே போனால் 17, 18 வெளியே வரவேண்டும். 10 வந்தால் கேவிட்டியில் (டூப்ளெக்ஸரின் உலோக உருளையில்) ஈரம், இல்லை இணைப்பு ஒயரில் கோளாறு. கேவிட்டியின் திருகைத் தொடாதீர்கள். அளவு கருவி இல்லாமல் அரைச் சுற்று திருப்பினாலும் மறுபடி நிலைக்குக் கொண்டுவர முடியாது.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 என்பதை வைத்துச் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் இறங்கிய கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) போகும்போதும் திரும்பும்போதும் பவரின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. மேலே ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே மீட்டர் சிரித்த முகமாகத்தான் இருக்கும். நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சிறு கருவி) இருந்தால் மேல்முனையைக் கழற்றித் திறந்து விட்டு, கீழே 145 மெகாஹெர்ட்ஸில் ரிட்டர்ன் லாஸைப் (போய்த் திரும்பி வருவதற்குள் சிக்னல் இழந்த அளவு) படியுங்கள். அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. 30 மீட்டர் ஆர்.ஜி.213 என்றால் ரிட்டர்ன் லாஸ் 5 டெசிபெல் அளவில் வரவேண்டும். 12 வந்தால் கேபிளை உரித்துப் பாருங்கள். செம்புப் பின்னல் கறுத்திருக்கும். அதைக் காயவைத்துப் பயன் இல்லை, முழுசாக மாற்ற வேண்டும். புதுக் கேபிளுக்கு கனெக்டரின் மேல் ரப்பர் சீலிங் டேப், அதற்கு மேல் சாதாரண டேப், நிலையத்துக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு. அந்த வளைவில்தான் தண்ணீர் சொட்டி விழ வேண்டும், உள்ளே வரக் கூடாது.

நண்பர்கள் எல்லோருக்கும் ரிப்பீட்டர் கேட்கிறது, என் பாஃபெங் யு.வி.-5ஆர். கைசெட் மட்டும் சத்தமே தருவதில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிகிறது.
- மதுரை வாசகர்

மெனு 11-ஐ ஆஃப் செய்யுங்கள். அது கேட்பதற்கான டோன். ரிப்பீட்டருக்கு அனுப்பும் டோன் மெனு 13-ல் இருக்கிறது. ரிசீவரின் ஸ்பீக்கர் வழியிலிருந்து ஆடியோ எடுக்கும் ரிப்பீட்டர்கள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதால் நீங்கள் அனுப்பும் டோன் வெளியே வராது. உங்கள் செட் வராத டோனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

தூரத்திலிருந்து யாராவது பேசினால் ரிப்பீட்டர் டக் டக் டக் என்று விட்டுவிட்டு வருகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசினால் ஒழுங்காக இருக்கிறது. டூப்ளெக்ஸருக்குப் பதில் இரண்டு ஆன்டெனா வைத்தால் தீருமா?
- ஈரோடு வாசகர்

டிரான்ஸ்மிட்டர் ஏறியதும் தன் ரிசீவரையே செவிடாக்குகிறது. வலுவற்ற சிக்னல் அமுங்குகிறது, ரிப்பீட்டர் இறங்குகிறது. இறங்கியதும் காது திறக்கிறது, மறுபடி ஏறுகிறது. டிரான்ஸ்மிட்டரை டம்மி லோடில் ஓட்டி, ரிசீவரை மட்டும் ஆன்டெனாவில் விட்டுப் பாருங்கள். டக் டக் நின்றால் டூப்ளெக்ஸரோ, மேலே ஆடும் கனெக்டரோதான். ஆன்டெனா பிராக்கெட்டில் துருவேறிய போல்ட் கூடச் செய்யும். டம்மி லோடிலும் தொடர்ந்தால் பெட்டிக்குள்ளேயே கசிவு. ஒற்றைப் பின்னல் ஜம்பர் ஒயர்களை எடுத்துவிட்டு இரட்டைப் பின்னல் போடுங்கள்.

இரண்டு ஆன்டெனாவைப் பக்கவாட்டில் வைத்து, ரிசீவர் செவிடாகாதபடி 85 டெசிபெல் பிரிக்க 3 கி.மீ. அளவு தூரம் தேவைப்படும். ஒரே கம்பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக 20 மீட்டர் இடைவெளி விட்டாலும் 65, 67 டெசிபெல்தான் கிடைக்கும். மீதியைக் கேவிட்டிதான் தர வேண்டும். அந்தக் கேவிட்டி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை ஒழுங்காக ட்யூன் செய்துகொள்ளுங்கள்.