டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவை இரண்டு நாளில் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

முதலில் ஒன்று: மைல் கணக்கைவிட உயரமும் நேரமும்தான் இங்கே முக்கியம். மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் கரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 அடி. பூங்காவின் நடுவில் நிற்கும் சிசோஸ் மலையின் எமரி சிகரம் 7,832 அடி. மலையில் இதமாக இருக்கும் அதே நேரத்தில் கீழே அனல் அடிக்கும். ஆறு என்றாலே குளுமை என்று நம்பி மதியத்தில் இறங்குவது புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. பூங்காவிலேயே சூடான இடம் ஆற்றங்கரைதான். எனவே காலையில் ஆறு, மதியத்தில் மலை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஆனால் மார்ச்சில் கல்லூரி விடுமுறைக் கூட்டம் இருக்கும். முகாம் இடங்களை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். வெயிலின் உச்சம் மே, ஜூன். ஜூலைக்குப் பிறகு இடிமழை வந்து கொஞ்சம் தணிக்கும்.

மேற்கே சாண்டா எலேனா பள்ளத்தாக்கு, கிழக்கே போகியாஸ் பள்ளத்தாக்கு. இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். நடுவில் 60 மைலுக்கு மேல் வளைந்த சாலை. வேக வரம்பு 45 மைல். ஒரு நாளுக்கு ஒன்று போதும்.

முதல் நாள் விடிந்ததும் சாண்டா எலேனா. ஆறு கிழக்கு நோக்கி வெளியே வருவதால் காலை வெயில் உள்ளே விழும். சுமார் 1,500 அடி சுவர்கள் அப்போதுதான் நிறம் காட்டும். போய்வர 1.7 மைல் நடை. தொடக்கத்திலேயே டெர்லிங்குவா ஓடையைக் கடக்க வேண்டும். காய்ந்திருந்தால் தெரியவே தெரியாது. மழை பெய்திருந்தால் சேறு காலை இழுக்கும். தண்ணீர் வேகமாக ஓடினால் திரும்பிவிடுங்கள். ரியோ கிராண்டேயில் இங்கே ஓடும் நீரில் பெரும்பங்கு மெக்சிகோவின் கோன்சோஸ் ஆறு கொண்டுவந்து சேர்ப்பது. அங்கிருந்து வரத்து குறைந்தால் படகுப் பயணமும் அம்போதான்.

இரண்டாம் நாள் கிழக்கு. காலையில் போகியாஸ் நடை, அடுத்து ஆற்றோரத்து வெந்நீர் ஊற்று (சுமார் 40 டிகிரி செல்சியஸ், வெயில் ஏறுமுன் போனால்தான் சுகம்). மதியத்துக்கு மலைக்கு ஏறி, மாலையில் ரியோ கிராண்டே வில்லேஜுக்கு இறங்கினால் எதிர்ப்புறம் சியரா டெல் கார்மன் மலைச்சுவர் அந்தி வெயிலில் சிவப்பதைப் பார்க்கலாம். மலையிலுள்ள சிசோஸ் பேசின் விடுதியைப் புதிதாகக் கட்டும் திட்டம் இருப்பதால், அந்தப் பகுதி திறந்திருக்கிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், காரில் அதற்கு மேலும் இருப்பு. ஆற்று நீரைக் குடிக்க முடியாது. கோடையில் காலை 10 மணிக்கெல்லாம் தாழ்வான பாதைகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மருஃபோ வேகா பாதையில் 14 மைலுக்கு நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. 2023 ஜூனில் 48 டிகிரி வெயிலில் அங்கே நடந்த ஒரு சிறுவன் இறந்தான். உதவி தேடி ஓடிய வளர்ப்புத் தந்தையும் கார் விபத்தில் இறந்தார். கோடையில் அந்தப் பாதை வேண்டவே வேண்டாம்.

வடக்கே உள்ள மராத்தான் ஊரிலிருந்து பூங்காவின் தலைமையகமான பேந்தர் ஜங்ஷன் சுமார் 70 மைல். ஊரிலேயே டேங்கை நிரப்புங்கள். செல்போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

அக்கரையில் மெக்சிகோவில் இருக்கும் போகியாஸ் கிராமத்துக்குப் படகில் போகலாம், ஆனால் அதிகாரபூர்வ நுழைவாயில் வழியாக மட்டும். அது வாரம் முழுவதும் திறந்திருக்காது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் படகில் ஏறும் முன்பே விசா, ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) இரண்டையும் காட்டித் திரும்பி வர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் இக்கரையிலேயே இருப்பது நல்லது. கரையில் பாறைமேல் விற்பனைக்கு வைத்திருக்கும் கம்பிப் பொம்மைகளை வாங்குவது சட்டவிரோதம், பறிமுதல் ஆகும்.

அக்கரைக்கே போகாதவர்களும் வடக்கே மராத்தான், ஆல்பைன் சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும். எச்-1பி வேலை விசா ஆனாலும் மாணவர் விசா ஆனாலும் அசல் பாஸ்போர்ட் காரிலேயே இருக்கட்டும்.