பொலிகாளையைக் குளோனிங் செய்யலாமா?

கேள்வி: எங்கள் காங்கயம் பொலிகாளைக்கு 14 வயது. சாதுவான காளை, பேரக்குழந்தைகூடக் கயிற்றைப் பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிப் போவாள். காதில் சிறு துண்டு வெட்டிக் கொடுத்தால் குளோனிங் முறையில் அதே காளையைப் பிறக்க வைத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். நடக்குமா? சட்டம் இடம் தருமா? மனிதனையே இப்படிச் செய்யலாம் என்கிறான் என் மகன்.
– ஒரு விவசாயி, தாராபுரம் வட்டம்

பதில்: முதலில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், ஐயா.

அவர் சொல்லும் அறிவியல் உண்மைதான். காதுத் தோலின் ஒவ்வோர் உயிரணுவிலும் காளையின் மரபுச்சரக்கு முழுதாக இருக்கிறது. வேறொரு பசுவின் கருமுட்டையிலிருந்து, அதன் மரபுச்சரக்கு இருக்கும் உட்கருவை நீக்கி, அதில் இந்த உயிரணுவை இணைப்பார்கள். ஆய்வகத்தில் ஏழெட்டு நாள் வளர்ந்த கரு இன்னொரு மாட்டின் கருப்பைக்குப் போகும். கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2023 மார்ச்சில் பிறந்த ‘கங்கா’ என்ற கிர் கன்று அப்படி வந்ததுதான்: முட்டை சாஹிவால் பசுவினுடையது, சுமந்தது கலப்பினப் பசு. ஹிசாரில் 2015 டிசம்பரில் ஒரு முர்ரா எருமைக் கிடாவின் நகலாக ‘ஹிசார் கௌரவ்’ பிறந்தது. இரண்டுமே அரசு நிலையங்களின் ஆராய்ச்சி. ஐஸ் பெட்டியோடு வீடு தேடி வருகிறவர் செய்துதரும் வேலையல்ல இது.

அந்த நிலையங்களிலும் தோல்விகள் அதிகம். கர்னாலில் 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் எருமைக் கன்று ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. 1996-ல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டிக்காக 277 முட்டைகளில் உயிரணுவை இணைத்தார்கள். கருவாகத் தேறியவை 29. அவற்றை 13 ஆடுகளில் வைத்து, உயிரோடு பிறந்தது ஒரே ஒரு குட்டி.

பிழைத்து வந்தாலும் ‘அதே காளை’ வராது. டெக்சாஸில் சான்ஸ் என்று ஒரு பிராமன் காளை (நம் நாட்டு மாடுகளின் வழிவந்த இனம்தான்), உங்களுடையதைப் போலவே சாது. அது இறந்த பிறகு 1999-ல் அதன் நகலைப் பிறக்க வைத்தார்கள். நிற்பதும் படுப்பதும் பழைய காளையைப் போலவே இருந்ததில் உரிமையாளருக்குப் பெருமகிழ்ச்சி. வளர்ந்த அந்தக் காளை அவரை இரண்டு முறை முட்டிச் சாய்த்தது. கொம்பின் வளைவும் திமிலும் மரபில் வரும். கயிற்றுக்குப் பணியும் குணத்தில் பாதி, கன்றிலிருந்து நீங்கள் கைவைத்து வளர்த்தது.

கால்நடைக் குளோனிங்குக்கு இந்தியாவில் தடை இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், குளோனிங் மாட்டின் பாலும் இறைச்சியும் பாதுகாப்பானவை என்று 2008-லேயே சொல்லிவிட்டது. மனிதர் கதை வேறு. குளோனிங் முறையில் பிள்ளை பிறக்க வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. 2005-ல் ஐ.நா. பொதுச்சபையும் எதிராகத் தீர்மானம் போட்டது. கருச்சிதைவும் குறைப்பிறப்பும் ஆட்டுக்கே இத்தனை என்றால், எந்தப் பெண்ணை இதற்குக் கேட்பது? உங்கள் மகனிடம் இதைக் கேளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது காளையின் வம்சம் என்றால், அதற்குக் காது தேவையில்லை. கால்நடை மருத்துவரைக் கொண்டு விந்தைப் பரிசோதியுங்கள். 14 வயதில் அணுக்களின் ஓட்டம் குறைந்திருக்கலாம், தள்ளிப்போட நேரமில்லை. கருச்சிதைவு நோய், காசநோய்ப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள். விந்து தேறினால், உறைவிந்தாகச் சேமிக்க வழியுண்டா என்று மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறையில் கேளுங்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், அது பல ஆண்டு கெடாது. வெளியில் விற்க நினைத்தால் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு மாட்டினப் பெருக்கச் சட்டப்படி பதிவு வேண்டும். உறையவைக்க முடியாவிட்டால், இந்தப் பருவத்திலேயே நல்ல காங்கயம் பசுக்கள் நான்கைந்துக்கு நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். அதன் மகள்களுக்கு மட்டும் வேண்டாம்.

இதுவரை பிறந்த காளைக்கன்றுகள் எங்கெங்கே போயின என்று எழுதுங்கள். அடுத்த பொலிகாளை பக்கத்து ஊர்த் தொழுவம் ஒன்றிலேயே நின்றுகொண்டிருக்கலாம்.