நீல நாற்காலிச் சிறுமி

கேள்வி: நாற்காலியில் சரிந்து கிடக்கும் சிறுமியின் ஓவியத்தை மகள் பள்ளிப் புத்தகத்தில் காட்டினாள். இதில் என்ன பெருமை? – வாசகி, அங் மோ கியோ

பதில்: சரிந்து கிடப்பதுதான் பெருமை! 1878-இல் அமெரிக்க ஓவியர் மேரி கசாட் வரைந்தது. ஒரு கை தலைக்குப் பின்னால், கால்கள் அகல விரிந்து, முகமெல்லாம் சலிப்பு. பக்கத்து நாற்காலியில் நாய்க்குட்டி தூங்குகிறது. பள்ளி விட்டு வந்து சோபாவில் விழும் என் பேத்தியேதான். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் நாய் மட்டும் இல்லை. பின்னணியில் பிரெஞ்சு ஓவியர் டெகாவும் கொஞ்சம் தூரிகை போட்டிருக்கிறார்; சிறுமி அவருடைய நண்பர் வீட்டுப் பிள்ளை. அந்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவு படத்தை வேண்டாம் என்றுவிட்டது. தேர்வுக் குழுவில் இருந்த மூவரில் ஒருவர் மருந்துக்கடைக்காரராம். பல வருடம் கழித்தும் கடிதத்தில் அதைச் சொல்லிப் பொருமியிருக்கிறார் கசாட்.