நடு பெஞ்சுக்காரன்

கேள்வி: மாணவர் மையக் கல்விக்கு ஏத்த மாதிரி பள்ளிகளை மட்டுமில்ல, மாவட்டக் கல்வி நிர்வாகத்தையே திருத்தி அமைக்கணும்னு பயிற்சியில சொன்னாங்க. நடக்கிற காரியமா? 'ப' வடிவத்துல உக்கார வைக்கச் சொன்னது அதுக்கு முதல் படியா? எங்க பள்ளியில பெஞ்சே பத்தாது, இருக்கிறதுல ரெண்டு ஆடுது.
(தலைமையாசிரியை, விருத்தாசலம் பக்கம். பேர் போட வேணாம்னு கேட்டிருக்காங்க)

பதில்: டீச்சரம்மா, உங்க கேள்வியில என்னைப் பிடிச்சு இழுத்தது 'மையம்'ங்கற வார்த்தைதான். நம்ம ஊர்ல எதுக்குப் பேர் வைக்கத் தெரியலையோ அதுக்கெல்லாம் மையம்னு வச்சிடறோம். தேர்வு மையம், இ-சேவை மையம், வட்டார வள மையம், நீட் பயிற்சி மையம், எங்க ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடைக்காரர்கூட 'நகல் மையம்'னு போர்டு மாட்டிட்டார். எல்லா மையத்துக்கும் ஒரே ஒரு ஒற்றுமை, நாமதான் போய் வெளியில க்யூல நிக்கணும். (எங்க ப்ரூஃப் ரீடர் 'மய்யம்'னுதான் எழுதணும்னு ரொம்ப வருஷமா சண்டை போடறார், ஒரு கட்சி அந்த ஸ்பெல்லிங்ல வந்தப்புறம் அவர் கை ஓங்கிடுச்சு. இந்தப் பக்கம் என்னுது, இங்க 'மை'தான்.)

படிக்கிற காலத்துல நானும் மையத்துலதான் இருந்தேன். நடு வரிசை, நடு பெஞ்ச், அதுலயும் நடு ஆள். முதல் பெஞ்சுக்குக் கேள்வி வரும், கடைசி பெஞ்சுக்கு அடி வரும், நமக்கு ரெண்டும் கிடையாது. ஒன்பதாங்கிளாஸ்ல மூணு நாள் காய்ச்சல்ல படுத்துட்டு லீவ் லெட்டரோட போய் நின்னா, வாத்தியார் படிச்சுப் பாத்துட்டு "நீ எப்படா வராம இருந்தே?"ன்னார். மாணவனை மையத்துல வைக்கிறோம்னு யாராவது சொன்னா எனக்கு அந்த லெட்டர்தான் ஞாபகம் வருது.

சரி, 'ப' விஷயம். ஒரு மலையாளப் படம் பாத்து கேரளாவுல சில ஸ்கூல்ல பெஞ்சைத் திருப்பிப் போட, 2025 ஜூலையில நம்ம பள்ளிக்கல்வித் துறையும் அதே மாதிரி சுற்றறிக்கை விட்டு, கழுத்து வலிக்கும்னு ஆளாளுக்குக் கத்தினதும் வந்த வேகத்துலயே நிறுத்தி வச்சாங்க. கழுத்தை விடுங்க, ஒரு பேப்பர் எடுத்து பெருசா 'ப' போட்டு அதுக்கு நடுவுல யாரு நிக்கப் போறாங்கன்னு பாருங்க. வாத்தியாரேதான்! முன்னாடியாவது ஓரமா போர்டு கிட்ட நின்னுட்டு இருந்தார்.

இதைவிடப் பெரிய வேலையை நாம ஏற்கெனவே செஞ்சு பாத்தவங்க டீச்சர், அதை ஏன் உங்க பயிற்சியில யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு தெரியல. 2003ல எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி கமிஷனரா இருந்தப்ப, ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கத்துல இருக்கிற ரிஷி வேலி பள்ளிக்கு வாத்தியார்களையே கூட்டிட்டுப் போய்க் காட்டி, அங்க ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பண்ணின அட்டை முறையை எடுத்துட்டு வந்து, முதல்ல பதிமூணே பதிமூணு ஸ்கூல்ல ஆரம்பிச்சாங்க. அதான் செயல்வழிக் கற்றல், வாத்தியார் பாஷையில ஏபிஎல். பாடப்புத்தகத்தைப் பிரிச்சு அட்டையாக்கி, அட்டையை மைல்கல் மைல்கல்லா ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தி, பிள்ளைங்க அவங்கவங்க வேகத்துல ஏறலாம். பெஞ்சே வேணாம், தரையில பாய். சுவத்துல பிள்ளைங்க எட்டுற உயரத்துல ஆளுக்கொரு கட்டம் கரும்பலகை, வரைஞ்ச படத்தை மாட்ட தலைக்கு மேல கம்பிப் பந்தல்.

அப்ப ஒரு ஸ்கூலுக்குப் போயிருந்தேன். முன்பல் ரெண்டும் விழுந்த ஒரு பொடியன் டிரேயிலேர்ந்து அட்டையை உருவிட்டு இருந்தான். "எந்தக் கிளாஸ்டா?"ன்னு கேட்டேன். "ஏழாவது மைல்கல் சார்"ன்னுட்டு, என்னைத் தாண்டிப் போய்ப் பாயில உக்காந்துட்டான். வந்திருக்கிறது யாரு என்னன்னு ஒரு மரியாதை இல்ல, அவனுக்கு வேலை கிடந்தது. வாத்தியாரம்மா எங்கேன்னு தேடினா நாலு பிள்ளைங்களோட அவங்களும் தரையில.

அப்புறம் 2007-08ல ஒரே மூச்சுல மாநிலம் பூரா, 37,000த்துக்கும் மேல பள்ளிகள். பதிமூணு ஸ்கூலுக்கு வாத்தியாரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினது, முப்பத்தேழாயிரத்துக்கு ஆர்டரா வந்துச்சு. பயிற்சி சென்னையிலேர்ந்து மாவட்டத்துக்கு, அங்கேர்ந்து வட்டாரத்துக்கு, அங்கேர்ந்து வாத்தியாருக்குன்னு மோர்ல தண்ணி ஊத்தற மாதிரி இறங்கி வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல ஒரு ஸ்கூல்ல கம்பிப் பந்தல் நிறைய படம், ஆஹான்னு கிட்ட போய்ப் பாத்தா எல்லாத்துலயும் போன வருஷத் தேதி. விசிட்டுன்னா மாட்டுவாங்களாம், போனதும் கழட்டிக் கட்டி பீரோவுல வச்சிடுவாங்களாம். அதை எழுதினதுக்குத்தான் ஒரு பேராசிரியர் என்னை 'கல்வியின் எதிரி'ன்னு நாலு பக்கம் வச்சு வாங்கினார். ஐயா, அந்தப் பொடியனைப் பாத்து மயங்கினவன்தான் நானும், பீரோவைத்தான் திட்டினேன், இப்பவும் அதைத்தான் சொல்றேன்.

இந்த அட்டை முறையில வர்ற மாதிரி பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்லிக் குடுக்கறது நமக்குப் புதுசும் இல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளை பாத்துக்குவான், மணல்ல விரலால எழுத்து. எழும்பூர்ல ராணுவ அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தின ஆண்ட்ரூ பெல் பாதிரியார் இதைப் பாத்துட்டுப் போய் 1797ல லண்டன்ல புஸ்தகமே போட்டார், 'மெட்ராஸ் சிஸ்டம்'னு அங்க ஓஹோன்னு ஓடுச்சு, ஏன்னா ஒரு வாத்தியார் சம்பளத்துல நூத்துக்கணக்கான பிள்ளைங்களைச் சமாளிக்கலாம். உடனே திண்ணைதான் பொற்காலம்னு லெட்டர் போட்றாதீங்க, கயித்துல தொங்க விடற கோதண்டம்ங்கற தண்டனையும் அங்கதான், பல சாதிப் பிள்ளைங்க திண்ணைப் பக்கமே வர முடியாததும் அங்கதான். பிள்ளை தானாக் கத்துக்கணும்னு சொன்ன இத்தாலிக்கார மாண்டிசோரி அம்மையார் 1939ல அடையாறுக்கே வந்து வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. இன்னிக்குத் தெருவுக்கு ஒரு மாண்டிசோரி போர்டு, யூகேஜிக்கு ரெண்டு பக்கம் ஹோம்வொர்க்.

இப்ப 2022லேர்ந்து, சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் வரணும்னு 'எண்ணும் எழுத்தும்'னு அரசுத் திட்டம். பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சிருக்காங்க. பேரு வச்சவர் பூக்கடைப் பக்கம் போனதே இல்ல போல. மல்லி மொட்டா இருக்கிறவரைக்கும்தான் விலை, மலந்துட்டா ராத்திரி கடை சாத்தற நேரத்துல 'எடுத்துட்டுப் போண்ணே'ன்னு பாதி விலைக்குத் தள்ளி விடுவாங்க. நிலை பிரிக்கிற ஐடியா நல்ல ஐடியாதான். ஆனா பிள்ளைய மலர வைக்கிற நேரத்துல டீச்சர் சிக்னல் தேடி போனைத் தூக்கிட்டு மரத்தடியில நிக்கறாங்க, பிள்ளைங்க மதிப்பீட்டை ஆப்ல ஏத்தணுமே.

மாவட்டத்தைத் திருத்தறதைப் பத்தி எனக்குத் தோணறது ஒண்ணே ஒண்ணுதான். வட்டாரக் கல்வி அலுவலர் வண்டிய ஸ்டாண்ட் போட்டுட்டு உள்ள வந்ததும் கேக்கற முதல் கேள்வி என்ன? "போர்ஷன் எதுவரைக்கும் முடிச்சிருக்கீங்க?" நாப்பது பிள்ளைங்க நாப்பது படியில நின்னா எந்தப் போர்ஷனைச் சொல்லுவீங்க, பொய்தான் சொல்லணும். அவர் கேக்கறதும் தப்பில்ல, மேல மீட்டிங்ல அவரை அதைத்தான் கேக்கறாங்க, அதுக்கு மேல உள்ளவரையும் அதேதான். அந்தக் கேள்வியை விட்டுட்டு "யாரு எங்க தங்கிப் போயிருக்கா, உங்களுக்கு நான் என்ன பண்ணணும்?"னு அவர் என்னிக்குக் கேக்கறாரோ அன்னிக்கு மாவட்டம் திருந்த ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். பெஞ்சு அது பாட்டுக்கு எப்படி வேணா கிடக்கட்டும்.

அந்த ஆடற பெஞ்ச் ரெண்டுக்கும் அண்டக் குடுக்க எங்க பழைய இதழ்கள் ஒரு கட்டு பார்சல்ல அனுப்பறேன். நாலா மடிச்சு வைங்க. பேராசிரியரோட நாலு பக்கம் வந்த இதழும் அதுல இருக்கு, நல்ல கனம்.