எதையும் நம்பாமல் வாழ முடியுமா?

கேள்வி: கல்லூரியில் ஐயவாதம் படிக்கிறேன். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றால் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? அப்படி நினைத்தவர்கள் எப்படித்தான் வாழ்ந்தார்கள்?

பதில்: நன்றாகவே வாழ்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த, பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் மாண்டேய்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த காலம் அது. 1562இல் மூண்ட அந்தப் போர்கள், 1592இல் அவர் இறந்தபோதும் ஓயவில்லை. கடவுளின் சித்தம் தமக்குத்தான் தெரியும் என்று இரு தரப்பும் அடித்துச் சொல்லின. போர் மூண்ட அதே ஆண்டில், பண்டைக் கிரேக்க ஐயவாதத்தை விளக்கும் செக்ஸ்டஸ் எம்பிரிகஸின் நூல் ஒன்று லத்தீனில் அச்சானது. அவருடைய வரிகள் சிலவற்றைத் தம் நூலகத்தின் கூரை உத்தரங்களில் எழுதிவைத்தார் மாண்டேய்ன்.

செக்ஸ்டஸ் யாரையும் சும்மா இருக்கச் சொல்லவில்லை. பசித்தால் சாப்பிடு, ஊர் வழக்கப்படி நட, ஒரு தொழிலைக் கற்றுக்கொள் என்கிறார். ஐயவாதிக்கும் வலிக்கும், குளிரும். ஆனால் 'இது இயல்பிலேயே தீயது' என்ற தீர்ப்பை அவன் வலியின்மேல் ஏற்றுவதில்லை. அதனால் இரண்டு முறை துன்பப்படுவதில்லை. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் இது. மாண்டேய்ன் சிறுநீரகக் கல்லோடு குதிரையேறி இத்தாலிவரை போனவர். 1581 முதல் 1585 வரை போர்தோ நகரின் மேயராகவும் இருந்தார். கடைசிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார்.

சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்த காலத்தில் அவர் எழுதியதன் சாரம் இது: நம் ஊகத்துக்காக ஒருவரை உயிரோடு கொளுத்துவது, அந்த ஊகத்தை அளவுக்கு மீறி மதிப்பதாகும். சந்தேகத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கேள்வி: பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட்டும் எல்லாவற்றையும் சந்தேகித்தவர்தானே?

பதில்: சந்தேகித்தார், ஆனால் அதைக் கடந்து போவதற்காக. அசைக்க முடியாத ஓர் உண்மையைக் கண்டடைய வேண்டும் என்பதே 1641இல் வெளிவந்த அவருடைய 'தியானங்கள்' நூலின் நோக்கம். அதுவரை வாழ்ந்தாக வேண்டுமே! அதற்காக, நாட்டு வழக்கத்தையும் சட்டத்தையும் பின்பற்றுவது என்ற தற்காலிக நெறியை 1637இலேயே வகுத்துக்கொண்டார்.

உங்கள் தவிப்புக்கு நெருக்கமானவர் ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம். சந்தேகம் முற்றித் தாம் இருளில் சிக்கியதையும், அறிவால் அதை விலக்க முடியாமல் நண்பர்களோடு உணவருந்தி, பகடை ஆடி மீண்டதையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மனித இயல்பு பற்றிய அவருடைய நூலில், முதல் புத்தகத்தின் முடிவுரையில் அது இருக்கிறது. பாடப்புத்தகத்துக்கு முன்னால் அந்தச் சில பக்கங்களைப் படித்துவிடுங்கள்.