நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்க ஒரே கணினி மாடலை ஆயிரக்கணக்கான முறை ஓட்டியே ஆக வேண்டுமா?

ஓட்டத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் நுணுக்கமான கிரிட்டில், அதாவது நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஓட்டத் தேவையில்லை.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் சுமார் 655 மீட்டர் ஆழத்து உப்புப் பாறைக்குள் 1999 முதல் அணுக்கழிவைப் புதைத்து வருகிறார்கள். அதற்கு மேலே குலெப்ரா என்ற டோலமைட் (சுண்ணாம்புக்கல் போன்ற பாறை) படிவத்தில் நீர் நகர்கிறது. பிற்காலத்தில் யாரோ துளை போட்டு, கழிவு அந்த நீரில் கலந்தால் தள எல்லையைத் தாண்ட எத்தனை ஆண்டு ஆகும்? 10,000 ஆண்டுகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கையில் இருப்பதோ சில பத்துத் துளைகளில் எடுத்த அளவீடுகள்தான்.

பாறைக்குள் நீர் எப்படிப் பாயும் என்று டார்சி 1856இல் சொன்ன விதி எளிது. துளைகளுக்கு நடுவே பாறை எவ்வளவு நீர் விடும் என்பதுதான் தலைவலி. அதனால் அளவீடுகளோடு ஒத்துப்போகிற கற்பனைப் பாறைகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் நீரை ஓடவிட்டுப் பார்க்கிறோம். இதுதான் மாண்டி கார்லோ. பிழையைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு ரன் வேண்டும். ரன்னுக்கு 4 மணி நேரம் என்றால் 10,000 ரன்னுக்கு நாலரை வருடம்!

இங்கேதான் பல்நிலை மாண்டி கார்லோ கைகொடுக்கிறது. கணிதவியலாளர் ஜைல்ஸ் 2008இல் நிதிக் கணக்குகளுக்காக எழுதியது. 2011இல் அவரும் வேறு மூவரும் நிலத்தடி நீருக்குக் கொண்டுவந்தார்கள். முப்பரிமாணக் கட்டத்தின் பக்கத்தை மூன்று முறை இரட்டிப்பாக்கினால் கட்டங்கள் 512இல் ஒன்றாகக் குறையும். நேரமும் அதே விகிதத்தில் குறைந்தால் அந்த 4 மணி நேரம் அரை நிமிடமாகிவிடும். அந்தப் பருமட்டான கிரிட்டில் ஆயிரக்கணக்கில் ஓட்டுங்கள். பிறகு கட்டத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கி, ஒவ்வொரு நிலையிலும் அந்தக் கிரிட்டுக்கும் அதற்கு முந்தைய பருமட்டான கிரிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியை மட்டும் கணக்கிட்டு, முதல் சராசரியோடு கூட்டுங்கள். வித்தியாசத்தின் சிதறல் சிறியது என்பதால் நுணுக்கமான நிலைகளில் சில ரன்களே போதும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு கிரிட்டுக்கும் ஒரே கற்பனைப் பாறை இருக்க வேண்டும். நான் முதன்முதலில் எழுதிய நிரலில் தனித்தனி விதை எண் (எந்தக் கற்பனைப் பாறை உருவாகும் என்பதைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) கொடுத்துவிட்டு, சிதறல் ஏன் குறையவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, பாறையின் தன்மை 10 மீட்டருக்கு ஒருமுறை மாறுகிறதென்றால் 50 மீட்டர் கட்டம் எதையும் பார்க்காது. அந்த நிலையைச் சேர்ப்பதே வீண். துளைகளில் எடுத்த அளவீடே தப்பென்றால், எந்த முறையும் தப்பான பதிலைத்தான் வேகமாகத் தரும்.