கில்ட்டில் மூவர்ணம்: வழக்கைவிட வேஸ்ட் மூட்டைதான் ஆபத்து

கேள்வி: திருப்பூரில் பதினெட்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். 2026 ஜூலையில் கிளாஸ்கோவில் நடக்கும் காமன்வெல்த் போட்டிக்கு, அங்குள்ள இந்திய ரசிகர்களுக்காக 600 கில்ட், 1,500 டி-ஷர்ட் தைக்கச் சென்னை ஏஜென்ட் ஒருவர் ஆர்டர் கொடுத்தார். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை. பாலியஸ்டர் துணியில் காவி, வெள்ளை, பச்சை, முன்பக்கம் அசோகச் சக்கரம். மொத்தம் ஆறு லட்ச ரூபாய் ஆர்டரில் இரண்டரை லட்சம் அட்வான்ஸ் வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் போட்டோ எடுத்து, தேசியக் கொடியை அவமதித்ததாகப் போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆருக்கு முன், புகாரைப் பதிந்து தரும் ரசீது) போட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் சரக்கு வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடு என்கிறார். புகார் கொடுத்தவரோ மன்னிப்புக் கடிதமும் ஐம்பதாயிரமும் தந்தால் வாபஸ் வாங்குவாராம். சுதந்திரப் போராட்டக் குடும்பத்தில் பிறந்த நான், கொடி காத்த குமரன் உயிர்விட்ட ஊரில், கொடியை அவமதிப்பேனா? பிரிட்டனில் அவர்கள் கொடியைப் போட்டு எதை வேண்டுமானாலும் விற்கிறார்களே? பாக்கிப் பணத்துக்குக் கேஸ் போடலாமா?

பதில்: உங்கள் முழுக் கடிதம் ஐந்து பக்கம். தாத்தா சிறை சென்றது, மைத்துனர் ராணுவத்தில் இருப்பது, பக்கத்துப் பட்டறைக்காரரோடு தண்ணீர் லாரி தகராறு, எல்லாம் இருக்கிறது. எனக்கு வேண்டியது நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: ‘சாம்பிள் பீஸை டம்மிக்கு மாட்டி, ரோட்டைப் பார்த்த ஷட்டர் பக்கம் நிறுத்தியிருந்தோம்.’ உங்கள் வழக்கு அந்த டம்மியில் நிற்கிறது.

தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971. அதன் 2-ஆம் பிரிவு பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை அவமதிப்பதைத்தான் குற்றமாக்குகிறது. பட்டறைக்குள் மேஜைமேல் மடித்து வைத்திருந்த துணி வேறு, ரோட்டில் போகிறவர் கண்ணில் படும் டம்மி வேறு. கொடி என்றால் கம்பத்தில் பறப்பது மட்டும்தான் என்றும் வாதாட முடியாது. எந்தப் பொருள்மேல் வரைந்தாலும் அச்சடித்தாலும், கொடியின் ஒரு பகுதியாகவே இருந்தாலும், கொடிதான் என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் சக்கரம் உடுத்துபவரின் தொடைக்கு நேராக வருகிறது. 2005 திருத்தத்துக்குப் பிறகு, இடுப்புக்குக் கீழே அணியும் எந்த உடையிலும் கொடியைப் பயன்படுத்துவது அவமதிப்பு என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. கில்ட்டை இடுப்புக்கு மேலே கட்ட வழியில்லை.

டி-ஷர்ட் தப்பித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ‘இடுப்புக்கு மேலே என்றால் சரி’ என்று ஊரில் எல்லோரும் சொல்வது பாதி உண்மை. அதே திருத்தத்தின் அடுத்த வரி, மெத்தை உறை, கைக்குட்டை, உள்ளாடை, ‘எந்த உடைத் துணி’யிலும் கொடியை அச்சடிப்பதும் எம்பிராய்டரி போடுவதும் கூடாது என்கிறது. தனியாகச் செய்த சின்னக் கொடியை நெஞ்சில் குத்திக்கொள்வது ஒன்று, துணியிலேயே கொடியை அடித்து 1,500 பீஸ் விற்பது இன்னொன்று. சக்கரம் இல்லாமல் மூன்று நிறக் கோடு மட்டும் போட்ட டி-ஷர்ட் ஊரெல்லாம் விற்கிறது, அதற்கு வாதாட நிறைய இடம் உண்டு. உங்கள் டி-ஷர்ட்டில் சக்கரமும் இருக்கிறது.

பாலியஸ்டர் கொடிக்கு 2021 டிசம்பரில் அனுமதி கொடுத்துவிட்டார்களே என்று கேட்டிருந்தீர்கள். அது கொடி எந்தத் துணியில் இருக்கலாம் என்பதற்கான திருத்தம், உடையில் கொடி இருக்கலாமா என்பதற்கானது இல்லை. பிரிட்டன் பேச்சையும் விடுங்கள். அமெரிக்காவில்கூடக் கொடியை ஆடையாக அணியக் கூடாது என்று விதித் தொகுப்பு உண்டு, மீறினால் தண்டனை கிடையாது, அது அவர்கள் பாடு. கிளாஸ்கோவில் யார் உடுத்துகிறார்கள் என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அச்சடித்ததும் காட்டியதும் திருப்பூரில். குமரன் பெயரை எந்த மனுவிலும் எழுதாதீர்கள், அரசு வக்கீலும் அதே பெயரைத்தான் சொல்வார்.

உங்களுக்கு ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. 2013 கிறிஸ்துமஸுக்குக் கோவையில் மூவர்ணத்தில் இந்திய வரைபடம் போட்டு, நடுவில் அசோகச் சக்கரமும் வைத்து ஒரு பெரிய கேக் வெட்டினார்கள். அவமதிப்பு என்று வழக்கு. 2021 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம், அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அதை ரத்து செய்தது. கேஸ் வந்தால் நாமும் அதைத்தான் பிடிப்போம். ஆனால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: கேக் வெட்டியதிலிருந்து தீர்ப்பு வர ஏழு வருஷம் தாண்டிவிட்டது. கேக்குக்கே அவ்வளவு நாள். அதோடு, இடுப்புக்குக் கீழே அணியும் உடை என்று சட்டம் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. உங்கள் வழக்கு கேக் வழக்கைவிட ஒரு படி கடினம்.

தண்டனை மூன்று ஆண்டு வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘மூன்று ஆண்டு வரை’ என்றால் ஜாமீனில் விடக்கூடிய சின்னக் குற்றம் என்று ஸ்டேஷன் வாசலில் யாராவது தைரியம் சொல்லியிருப்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் இதே சொற்கள் வரும் ஒரு பிரிவை, 2022-இல் நிட் ப்ரோ வழக்கில் உச்சநீதிமன்றம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று தீர்த்துவிட்டது. அதனால் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்திருப்போம். சி.எஸ்.ஆர். கட்டத்தில் டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த வழியிருக்கிறது. பட்டறையை வந்து பார்க்கச் சொல்லலாம், அவமதிக்கிற எண்ணமில்லை என்று காட்டலாம். அங்கேயே முடிய வாய்ப்பு உண்டு.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில், ‘மீதி சரக்கை வேஸ்ட்டுக்குத் தள்ளிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் என்னிடம் வழக்கு கொடுத்த பழைய கட்சிக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். சுதந்திர தின ஆர்டருக்குக் கொடி போட்ட பருத்தி ஷார்ட்ஸ் அடித்தவர். புகார் வந்ததும் பயந்துபோய், ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் பனியன் வேஸ்ட் வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டார். வேஸ்ட் எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாளில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக் அதில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்ததை ஒருவர் வீடியோ எடுத்தார். கறுப்பு மையாக எண்ணெய், நடுவில் சக்கரம். முதல் புகார் எச்சரிக்கையோடு முடிந்தது. ஷெட் வீடியோ மேல் வந்த புகார் குற்றப்பத்திரிகை வரை போனது, வேஸ்ட் வியாபாரியும் மெக்கானிக்கும் கூடவே நின்றார்கள். ஷார்ட்ஸுக்கு ‘தேசப்பற்றால் செய்தேன்’ என்று சொல்லலாம். கிரீஸ் துணிக்கு என்ன சொல்வது?

எரித்துவிடலாமா என்றால், கொடி விதித் தொகுப்பே பழுதான கொடியைத் தனியிடத்தில் முழுதாக, எரித்தோ கண்ணியம் குறையாத வேறு வழியிலோ அழிக்கச் சொல்கிறது. ஆனால் இப்போது அது உங்களுக்கு இல்லை. புகார் நிலுவையில் இருக்கும்போது சரக்கைக் காணாமல் செய்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவு, சாட்சியத்தை மறைத்த குற்றம், அதன்மேல் சேரும். தைத்த பீஸ், வெட்டிய பேனல், ஓரத்துண்டு எல்லாவற்றையும் எண்ணி, பாலித்தீன் பையில் போட்டு, அட்டைப்பெட்டியில் கட்டி, பூட்டிய அறையில் வையுங்கள். தேதி போட்ட பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கட்டும். விசாரணை முடிந்த பிறகு அழிப்பதைப் பார்ப்போம். கட்டிங் வேஸ்ட் மூட்டை ஏற்கெனவே போய்விட்டதா என்று இன்றே பாருங்கள், போயிருந்தால் வியாபாரியிடம் திருப்பி வாங்குங்கள், விலை கூடக் கேட்டாலும் சரி.

இரண்டாவது குழி அந்த மன்னிப்புக் கடிதம். போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்பது பரவலாகத் தெரிந்ததுதான். பக்கத்துப் பட்டறைக்காரரிடம் ‘தேசியக் கொடியை அச்சடித்தது என் தவறு’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஃபேஸ்புக்கில் கைகூப்பி வீடியோ போட்டாலும் அதே கதிதான். ஐம்பதாயிரமும் வீண். இந்தக் குற்றம் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பட்டியலில் இல்லை, அவர் வாபஸ் என்று எழுதித் தந்தாலும் போலீஸ் தொடரலாம். கொடுத்த பணம் பயத்துக்கு அத்தாட்சியாக நிற்கும்.

பாக்கி மூன்றரை லட்சத்துக்குக் கேஸ் போடலாமா? போடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி, சட்டம் தடுத்த காரியத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்பதுதான் ஏஜென்ட்டின் முதல் பதிலாக இருக்கும். பாக்கி வசூலுக்கான சிறு தொழில் கவுன்சிலுக்குப் போனாலும் இதையே சொல்வார். அதைவிட மோசம், நீங்களே கையெழுத்துப் போட்ட மனுவில் ‘மூவர்ணமும் அசோகச் சக்கரமும் அச்சிட்ட 600 கில்ட்’ என்று இன்வாய்ஸோடு இணைக்கப் போகிறீர்கள். அரசுத் தரப்புக்கு வேறு சாட்சி தேவைப்படாது. செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்லும் அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவைக் காட்டி அவரும் அட்வான்ஸைக் கேட்கலாம், ஆனால் டிசைன் அனுப்பி ஆர்டர் போட்டவர் அவர் என்பதால் கோர்ட் படியேற அவருக்கும் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சீட்டு. அட்வான்ஸ் உங்களிடம், பாக்கி அவரிடம், ஒருவருக்கொருவர் பாத்தியதை இல்லை என்று பேசி முடியுங்கள். அடம்பிடித்தால் ஐம்பதாயிரம் வரை திருப்பிக் கொடுத்தாவது முடியுங்கள். அப்படிப் பேசி முடித்து எழுதும் ஒப்பந்தத்தில் ‘விளையாட்டு ரசிகர் உடை ஆர்டர்’ என்று இருந்தால் போதும், டிசைன் வர்ணனை வேண்டாம். டிசைன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் அழிக்காதீர்கள், யார் சொல்லிச் செய்தீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

திங்கட்கிழமை வரும்போது துணிக்கு பிரிண்ட் அடித்துக் கொடுத்தவரையும் கூட்டி வாருங்கள். அவர் பெயர் உங்கள் டெலிவரி சலானில் இருக்கிறது. அவரைத் தனியாக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், ‘டிசைன் எல்லாம் அவர் கொடுத்ததுதான் சார்’ என்று உங்கள் பக்கம்தான் கை காட்டுவார்.